கம்பத்தின் எண்

"வீட்டுக்காரர் வரவில்லையா அம்மா?"

இன்று மாலை எங்கள் வார்டுக் கூட்டத்தில், தெருவிளக்கு எரியாததைச் சொல்ல எழுந்த ஒருவர் முதலில் கேட்டது இதைத்தான்.

கவுன்சிலர் நிமிர்ந்து பார்த்தார். "ஓட்டுப் போட்டு நீங்கள் அனுப்பியது என்னைத்தான் ஐயா. எந்தக் கம்பம், சொல்லுங்கள்."

அவர் எண்ணைச் சொன்னார். கவுன்சிலர் அதை நோட்டில் எழுதி, சரிதானா என்று ஒவ்வோர் இலக்கமாகத் திருப்பிப் படித்துக் காட்டினார். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு என்று தமிழ்நாட்டில் 2016இல் சட்டம் வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் நகர மன்றங்களின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த நகர்ப்புறத் தேர்தல் நடந்ததோ 2022 பிப்ரவரி 19 அன்று! பதவிக்காலம் முடியும் முன்பே தேர்தல் நடத்த வேண்டும் என்று 1993 முதல் அரசமைப்பிலேயே இருக்கிறது. இருந்தும் ஐந்தாண்டுக்கு மேல் தனி அதிகாரிகள்தான் ஊரை நடத்தினார்கள்.

விளக்கு எரியவில்லை என்றால் வசதியுள்ளவர் யாரையாவது பிடித்துவிடுவார். குடிசைப் பகுதியில் இருப்பவருக்குக் கவுன்சிலரை விட்டால் யார்? அப்படி ஓர் இடைவெளி மறுபடி வரவே கூடாது. வார்டுக்கென்று தனி நிதியும் வேண்டும். வெறும் நோட்டை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்?

கூட்டம் கலைந்த பிறகு அதே மனிதர் மறுபடி அவரிடம் போனார். இந்த முறை குடிநீர்க் குழாய். கவுன்சிலர் நோட்டைத் திறந்தார்.