அரைநிலவில் அல்-பத்தானி

இன்று வளர்பிறை அரைநிலவு. தொலைநோக்கியில் 50 மடங்கு வைத்தால், ஒளியும் இருளும் பிரியும் கோட்டை ஒட்டி, நடுவுக்குச் சற்றுத் தெற்கே ஒரு பெரிய குழி.

குறுக்கே சுமார் 130 கிலோமீட்டர். உள்ளே கரு நிழல், நடுவில் ஒரு சிகரம் மட்டும் வெளிச்சப் புள்ளியாக.

பெயர் அல்பதெக்னியஸ். அல்-பத்தானி என்ற அரபு வானியலாளரின் பெயர், லத்தீனில் மருவியது.

பௌர்ணமியன்று தேடாதீர்கள். நிழல் இல்லாவிட்டால் குழியே புலப்படாது.

அல்-பத்தானி, இன்றைய சிரியாவில், யூப்ரடீஸ் கரையில், ரக்காவில், 877 முதல் நாற்பது ஆண்டுகள் வானத்தை அளந்தவர். ஓர் ஆண்டுக்கு அவர் கண்ட நீளம் 365 நாள் 5 மணி 46 நிமிடம் 24 நொடி. இன்றைய அளவைவிட 2 நிமிடம் சொச்சம் குறைவு.

அந்தக் குறைக்கு அவர் பொறுப்பல்ல என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். பகலும் இரவும் சமமாகும் சம இரவு நாள் ஒன்றைத் தான் அளந்து, பழைய பதிவு ஒன்றோடு ஒப்பிட்டு, இடைப்பட்ட ஆண்டுகளால் வகுத்தே ஆண்டின் நீளத்தைக் கண்டார். அந்நாளையொட்டி சூரியனின் நண்பகல் உயரம் நாளுக்கு 24 கலை (பாகையில் அறுபதில் ஒரு பங்கு ஒரு கலை) மாறும். ஒரு கலை பிசகினால் ஒரு மணி நேரம் பிசகும். 882-இல் அவர் கவனமாகவே அளந்தார். ஒப்பிட எடுத்த, பண்டைய வானியலாளர் தாலமியின் 139-ஆம் ஆண்டுப் பதிவுதான் ஒரு நாளுக்கு மேல் பிந்தியிருந்தது. அதை 743 ஆண்டுகளுக்குப் பங்கிட்டால் இந்த 2 நிமிடம் வந்துவிடும்.

சூரியனின் தோற்ற அளவு மாறுகிறது, ஆகவே சூரியன் வளையமாகத் தெரியும் கங்கண கிரகணம் சாத்தியம் என்றும் கண்டார். 1543-இல் கோப்பர்நிக்கஸ் தன் நூலில் அவரைப் பெயர் சொல்லியே எடுத்தாள்கிறார்.

அந்தக் குழியின் மேற்கே, ஒட்டினாற்போல் தாலமியின் குழி. அங்கே இன்னும் விடியவில்லை. நாளை மாலை பாருங்கள், தெரியும்.