சித்திரை வெக்கையில் ஒரு சின்னச் சபை

மார்ச் நடுவில் தொடங்கி மே பாதி வரை கொழும்பில் காற்றே இருக்காது. வடகீழ்ப் பருவக்காற்று ஓய்ந்திருக்கும், தென்மேல் பருவக்காற்று இன்னும் எட்டிப் பார்த்திருக்காது. வெப்பமானி 32 பாகையைத்தான் காட்டும். ஆனால் காற்றில் ஈரம் கூடியிருப்பதால் வியர்வை காயாது, உடம்பும் ஆறாது. இந்த இரண்டு மாதத்துக்குள்ளேதான் பெரிய வெள்ளி, உயிர்த்த ஞாயிறு, ஞானஸ்நான ஆராதனை, பிள்ளைகளின் விடுமுறை வேதாகமப் பாடசாலை, புத்தாண்டு விடுமுறை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. ஐம்பது அறுபது பேர் கூடுகிற ஒரு தமிழ் பப்டிஸ்ட் சபைக்கு வருடத்தில் இதைவிடப் பாரமான காலம் இல்லை. சபையில் பாதிப்பேர் மலையகத்துக்கும் யாழ்ப்பாணத்துக்கும் மட்டக்களப்புக்கும் கிளம்பிவிடுவதும் இதே காலத்தில்தான். இந்த நாட்களில் ஒரு ஆராதனை குழம்பினால் நேரத்தையும் தண்ணீரையும் முதலில் பாருங்கள். அநேகமாகக் காரணம் அங்கேதான் இருக்கும்.

நேரத்தை எடுத்துக்கொள்வோம். 1812இல் ஜேம்ஸ் சேட்டர் கொழும்பில் வந்திறங்கியதோடு இங்கே பப்டிஸ்ட் மிஷன் வேலை தொடங்கியது. அவர் சிங்களம் கற்று 1815இல் சிங்கள இலக்கணமும் வெளியிட்டார். வேலையின் சாய்வு ஆரம்பத்திலேயே அந்தப் பக்கம் இருந்தது. இன்றும் பல இடங்களில் ஒரே கட்டடத்தைச் சிங்களம், ஆங்கிலம், தமிழ் என மூன்று ஆராதனைகள் பகிர்ந்துகொள்கின்றன. தமிழுக்குக் காலை பத்தரை அல்லது மாலை நாலரை என்று கிடைத்தால், சித்திரையில் இரண்டுமே சிரமம். ஏப்ரல் 7ஐ ஒட்டிய நாட்களில் பகல் 12 மணி 10 நிமிடமளவில் சூரியன் கொழும்புக்கு நேர் உச்சியில் நிற்கும். பத்தரைக்குத் தொடங்கிய ஆராதனையில் பிரசங்கம் முடிவதும் அந்த நேரத்தில்தான். மாலை நாலரை என்றால் இடிமழை. இந்த மாதத்தில் அது பெரும்பாலும் பின்னேரத்தில்தான் கொட்டும், கூரைத் தகரத்தில் விழும் சத்தத்தில் ஒலிபெருக்கியும் தோற்றுவிடும்.

ஆறு ஞாயிறுகளுக்கு மட்டும் காலை ஏழரையைக் கேட்டு வாங்குவதுதான் நல்ல தீர்வு. மார்ச்சில் போய்க் கேட்டால் கிடைக்காது. பப்டிஸ்ட் சபையில் இப்படியான காரியத்தைப் போதகர் ஐயா தனியாகத் தீர்மானிப்பதில்லை, அங்கத்தவர் கூடும் சபைக்கூட்டம்தான் தீர்மானிக்கும். ஆகவே ஜனவரியில், வருட அட்டவணை போடும்போதே டீக்கன்மார், அதாவது சபைக் காரியங்களுக்குப் பொறுப்பானவர்கள், அதை முன்வைக்க வேண்டும். மற்ற மொழிச் சபைகளும் தங்கள் கூட்டத்தில் பேசி முடிவெடுக்க ஒரு மாதமாவது தேவை.

உள்ளே இருக்கை விஷயம் சின்னதுதான், ஆனாலும் வயதானவர்களுக்கு அது பெரிது. காலையில் வெயில் கிழக்கு யன்னலால் வரும், அதனால் அவர்களை மேற்குச் சுவர்ப் பக்கம் இருத்துங்கள். நிற்கும் மின்விசிறியைச் சபையின் பின்பக்கத்திலிருந்து முதுகுக்குத் திருப்பி வையுங்கள். முன்னாலிருந்து திருப்பினால் காற்று மைக்கில் விழுந்து இரைச்சல் கிளம்பும், பாட்டுத்தாளும் பறக்கும். டோலக் இருந்தால் அதன் தோல் இந்த ஈரத்தில் தளர்ந்துபோகும், பாட்டுக்கு அரை மணி முன்பே இழுத்துச் சுருதி பார்க்க வேண்டும்.

பெரிய வெள்ளியின் மூன்று மணி நேரத் தியானத்தை 12 முதல் 3 வரை அப்படியே வைக்க விரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த விருப்பத்தை மதிக்கிறேன். ஆனால் காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் உபவாசமிருக்கும் முதியவர்கள் அதே நேரத்தில் மண்டபத்தில் இருக்கிறார்கள். இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளையும் காலை எட்டு முதல் பத்தரைக்குள் தியானித்து முடிக்கலாம், ஒன்றும் குறையாது. மத்தியானம்தான் என்று சபை தீர்மானித்தால், ஒவ்வொரு இரண்டு வார்த்தைக்கும் நடுவில் ஒரு பாட்டு வைத்து, தண்ணீர் குடிக்கும்படி பிரசங்க மேடையிலிருந்தே சொல்லுங்கள். மேடையிலிருந்து சொன்னால்தான் குடிப்பார்கள். யாராவது மயங்கி விழுந்தால் கூட்டம் சூழ விடாமல் படுக்க வைத்து, கால்களைச் சற்று உயர்த்துங்கள். நினைவு தெளியும்வரை வாயில் ஒன்றும் ஊற்றக் கூடாது. இரண்டொரு நிமிடத்தில் தெளியாவிட்டால் 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும், கட்டணம் இல்லை.

உயிர்த்த ஞாயிறு விடியற்கால ஆராதனையைக் கடற்கரையில் வைக்க வாலிபர் ஆசைப்படுவார்கள். காலிமுகத்திடலிலும் வெள்ளவத்தையிலும் கடல் மேற்கே இருக்கிறது, சூரியன் முதுகுப் பக்கத்துக் கட்டடங்களுக்குப் பின்னால்தான் எழும். பொது இடம் என்பதால் பொலிஸில் முன்கூட்டியே சொல்லவும் வேண்டும். சபை வளவே போதும். உதயம் ஆறு மணி தாண்டியது, ஐந்தரைக்குத் தொடங்கினால் இரண்டாம் பாட்டு முடிகையில் வெளிச்சம் வந்திருக்கும். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு அந்தக் காலையில் வாசலில் பையைத் திறந்து பார்ப்பது வழக்கமாகிவிட்டது. வேதாகமத்தைத் தவிர வேறொன்றும் கொண்டுவர வேண்டாமென்று முந்தின ஞாயிறே அறிவித்தால் வரிசை நீளாது. வாசலில் சபையாரின் முகம் தெரிந்த ஒருவரை நிறுத்துங்கள். இருட்டில், பொலிஸ் உடுப்புக்குப் பக்கத்தில், "வாங்கோ அம்மா, பார்த்து வாங்கோ" என்று ஒரு பழகிய குரல் கேட்பது அந்த நாளில் மிகவும் தேவை.

இனி ஞானஸ்நானம். பப்டிஸ்ட் சபையில் இது விசுவாச அறிக்கை செய்தவருக்கு மட்டும், முழுக்காகத்தான். குழந்தைகளுக்குப் பிரதிஷ்டை ஜெபம் உண்டு, முழுக்கு இல்லை. ரோமர் ஆறாம் அதிகாரம் சொல்வதுபோல் கிறிஸ்துவோடு அடக்கம்பண்ணப்பட்டு எழுவதன் அடையாளம் என்பதால் தலை முழுவதும் தண்ணீருக்குள் போக வேண்டும். எனவே தொட்டி சரியாக இருக்க வேண்டும்.

எட்டடி நீளமும் நான்கடி அகலமுமான தொட்டியில் மூன்றடி உயரத்துக்குத் தண்ணீர் என்றால் ஏறக்குறைய 2,700 லீட்டர். அரை அங்குலக் குழாய் நல்ல அழுத்தத்தில் நிமிடத்துக்குப் பத்து லீட்டர் தரும், நிரம்ப நாலரை மணி நேரம் ஆகும். அழுத்தம் பாதியாகக் குறைந்தால் ஒன்பது மணி நேரம். சனிக்கிழமை மாலையே திறந்துவிட்டு ஒருவர் கூட இருக்க வேண்டும். இங்கே வழக்கமாக நடக்கும் பிழை, கூரையிலுள்ள 1,000 லீட்டர் தாங்கியிலிருந்து நிரப்புவது. தொட்டியும் நிரம்பாது, ஞாயிறு காலை கழிவறையிலும் தண்ணீர் இராது. நேரடி இணைப்புக் குழாயிலிருந்து பைப் போடுங்கள். விளிம்பில் ஒரு சாண் விட்டு நிறுத்துங்கள். போதகரும் ஞானஸ்நானம் பெறுபவரும் இறங்கினால் மட்டம் ஒன்றரை அங்குலம் ஏறும், முழுக்கின்போது அலையும் அடிக்கும், பக்கத்துக் கம்பளம் நனைந்துவிடும்.

மின்சாரத்தைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். தொட்டிக்குள் நிற்பவர் வயர் பூட்டிய மைக்கைத் தொடவே கூடாது. 2005 ஒக்டோபரில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து வேகோ நகரில், ஞானஸ்நான ஆராதனை நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு பப்டிஸ்ட் போதகர் தண்ணீரில் நின்றபடி மைக்கைத் தொட்டு மின்சாரம் தாக்கி இறந்துபோனார். நிற்கும் மின்விசிறியும் கீபோர்ட் அடாப்டரும் தொட்டியிலிருந்து குறைந்தது எட்டடி தள்ளி இருக்கட்டும். கட்டடத்தில், மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். சனிக்கிழமை அதிலுள்ள டெஸ்ட் பொத்தானை அழுத்துங்கள், சுவிட்ச் கீழே விழாவிட்டால் ஆள் கூப்பிட்டுச் சரிசெய்த பிறகுதான் தொட்டியில் இறங்கலாம். போதகர் தொட்டிக்குள் குரலால் பேசினாலே போதும். அறுபது பேர் அமைதியாக இருந்தால் எல்லாருக்கும் கேட்கும்.

வெள்ளை அங்கி தண்ணீரில் குடைபோல விரிந்து மேலெழும். அதன் கீழ்மடிப்பில், மீன்பிடிச் சாமான் கடையில் கிடைக்கும் சிறு ஈயக்குண்டுகள் ஆறு அல்லது எட்டை இடைவெளி விட்டுத் தைத்துவிட்டால் கீழேயே நிற்கும். நனைந்த வெள்ளைத் துணியூடாக உள்ளே தெரியும் என்பதால் உள்ளே கறுப்பு அல்லது கடுநீல உடுப்பு போடச் சொல்லி முன்னமே அறிவியுங்கள். பெண்பிள்ளைகள் ஏறி வரும் படியில் பெரிய துவாயோடு ஒரு அக்கா நிற்கட்டும்.

முழுக்கின் முறையைச் சனிக்கிழமை உலர்ந்த தரையில் ஒரு தடவை செய்து பார்க்க வேண்டும். பெறுபவர் சபைக்குப் பக்கவாட்டில் நிற்பார். வலக்கையால் கைக்குட்டையோடு மூக்கைப் பிடித்து, இடக்கையால் அந்த வலது மணிக்கட்டைப் பற்றிக்கொள்வார். போதகரின் ஒரு கை அந்தக் கைகளின் மேல், மறு கை தோள்பட்டைகளுக்கு நடுவே. பயத்தில் உடம்பை விறைத்துக்கொண்டால் கால் வழுக்கி மேலே மிதக்கும், போதகரும் சேர்ந்து சாய்வார். "தம்பி, கதிரையில இருக்கிற மாதிரி முழங்காலை மடியுங்கோ" என்று தண்ணீருக்குள் ஒருதரம் மெல்லச் சொன்னால் போதும், எவ்வளவு பாரமான ஆளும் எளிதாக இறங்குவார். பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தைச் சொல்லி முடித்த பிறகு மெதுவாக இறக்கி, உடனே தூக்குங்கள். அடியில் ரப்பர் விரிப்பு கட்டாயம்.

அன்று பின்னேரமே தொட்டியை வெறுமையாக்குங்கள். மூலையில் தேங்கும் ஒரு கோப்பைத் தண்ணீர் போதும், ஒரு வாரம் பத்து நாளில் டெங்கு நுளம்பு பறக்கும், பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் வருவார். முட்டைகள் காய்ந்த சுவரிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், ஆகையால் தண்ணீர் நின்ற மட்டத்தைத் தும்புத் தூரிகையால் தேய்த்துக் கழுவ வேண்டும். கடலில் கொடுக்க விரும்பும் சபைகள் ஏப்ரலுக்குள் முடித்துக்கொள்வது நல்லது. மே பிறந்தால் மேற்குக் கரை கொந்தளிக்கத் தொடங்கும்.

விடுமுறை வேதாகமப் பாடசாலைக்குப் பள்ளி விடுமுறை தொடங்கிய உடனே, புத்தாண்டுக்கு முன் வரும் நாட்கள்தான் ஏற்றவை. புத்தாண்டுக்குப் பிறகு என்றால் ஆசிரியர்களே ஊரிலிருந்து திரும்பியிருக்க மாட்டார்கள். 1898இல் நியூயோர்க்கில் ஹோஸ் அம்மையார் என்ற பப்டிஸ்ட் பெண்மணி, விடுமுறையில் தெருவில் திரிந்த பிள்ளைகளைக் கூட்டி நடத்திய வகுப்பு இந்த வேலையின் முன்னோடிகளில் ஒன்று. கொழும்பில் நம்மிடம் வருவதும் பெரும்பாலும் அயல்வீட்டுப் பிள்ளைகள்தான், இந்து, பௌத்த, முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகளும் இருப்பார்கள். என்ன பாடம், என்ன பாட்டு என்பதை ஒரு தாளில் தெளிவாக எழுதிப் பெற்றோரின் கையொப்பம் வாங்கிய பிறகே சேருங்கள். இதில் மறைவு ஒன்றும் இருக்கக் கூடாது.

காலை எட்டரை முதல் பதினொன்றரை வரை போதும். பலர் விளையாட்டைக் கடைசியில் வைக்கிறார்கள், பதினொரு மணிச் சிமெந்துத் தரையில் பிள்ளைகளின் கால் பொரியும். விளையாட்டை முதலில் வைத்துவிட்டு உள்ளே கூட்டி வாருங்கள். ஆங்கில, சிங்கள மொழிமூலம் படிக்கும் பல பிள்ளைகளுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. மனன வசனத்தைத் தாளில் கொடுத்துவிட்டால் அவர்கள் தலை குனிந்திருப்பார்கள். வாய்ப்பாடமாக, நாலு சொல் நாலு சொல்லாகத் திருப்பிச் சொல்ல வையுங்கள்.

நாற்பது பிள்ளைகளுக்கு பத்து லீட்டர் தேசிக்காய்த் தண்ணிக்கு 25 தேசிக்காய், ஒரு கிலோ சீனி, இரண்டு தேக்கரண்டி உப்பு. சீனியை ஒரு லீட்டர் சுடுதண்ணீரில் கரைத்து ஆறவிட்டு, மீதி கொதித்தாறின தண்ணீரோடு சேருங்கள். தேசிக்காயைக் கடைசியில்தான் பிழிய வேண்டும், காலையில் பிழிந்து வைத்தால் பத்து மணிக்குக் கசக்கும். கடை ஐஸ்கட்டியைப் போடாமல், போத்தல்களில் உறைய வைத்த தண்ணீரைப் போத்தலோடே பானைக்குள் இறக்கினால் குளிரும், பயமும் இல்லை. சிற்றுண்டிக்குக் கொண்டைக்கடலை என்றால் இரண்டு கிலோ. இந்த வெக்கையில் எட்டு மணி நேரத்துக்கு மேல் ஊறினால் புளித்துவிடும்.

பிறகு சித்திரைப் புத்தாண்டு. ஏப்ரல் 13, 14ஆம் திகதிகளில் கொழும்பின் சாப்பாட்டுக் கடைகள் அநேகமாகப் பூட்டியிருக்கும். ஊருக்குப் போகாமல் தங்குகிறவர்கள் யார் என்று பாருங்கள்: கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் போர்டிங் அறைகளில் இருக்கும் கடைப் பிள்ளைகள், லீவு கிடைக்காத மலையகத்துப் பணிப்பெண்கள், காவல் வேலைக்காரர், பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் முதியவர்கள். நல்ல உடுப்போடு நகரமே கொண்டாடும் நாளில் இவர்களுக்குப் பாண் வாங்கவும் கடை இல்லை. சபை வருடத்தில் ஒரேயொரு பொதுச் சாப்பாடு வைக்க முடியுமென்றால், கிறிஸ்மஸைவிட இந்த நாளுக்கு வைக்கலாம் என்பது என் உறுதியான எண்ணம்.

நாற்பது பேருக்கு ஐந்து கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, ஆறு கிலோ கோழி. சாமான்களை 11ஆம் திகதிக்குள் வாங்கி முடியுங்கள், பிறகு விலையும் ஏறும், கடையும் இராது. தேங்காயை மட்டும் அன்று காலையில் துருவுங்கள். முதற்பாலைக் கடைசிக் கொதியில் சேர்த்து, சமைத்து மூன்று மணி நேரத்துக்குள் பரிமாறிவிட வேண்டும்.

யார் தங்குகிறார்கள் என்று மேடையிலிருந்து கேட்டால் ஒருவரும் கை உயர்த்தமாட்டார்கள். இரண்டு ஞாயிறு முன்பே வாசலில் நிற்கும் அக்கா, "தங்கச்சி, வருசத்துக்கு ஊருக்குப் போறீங்களா?" என்று தனியாகக் கேட்டுக் கொப்பியில் எழுதிக்கொள்ளட்டும். வேலைக்கடமையால் வர முடியாதவர்களுக்குப் பார்சல் கட்டும்போது, சோற்றை அகலத் தட்டில் பரப்பி ஆவி போன பிறகு கட்டுங்கள், சூட்டோடு கட்டினால் போய்ச் சேருமுன் பழுதாகும். கறியைத் தனியாகப் போட்டு, பெயரும் வேலைத்தல முகவரியும் எழுதி, பன்னிரண்டரைக்கு முன் அனுப்பிவிடுங்கள். அன்று ஓட்டோ கிடைப்பதும் கஷ்டம், சபையில் மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் வாலிபர் இருவரிடம் முந்தின ஞாயிறே சொல்லி வையுங்கள்.