லிங்கன் குன்றில் துருப்பிடித்த பெயர்கள்

இங்கிலாந்தின் கிழக்குப் பக்கம் லிங்கன்ஷயர் என்று ஒரு மாவட்டம். சுற்றுலா வருகிறவர்களில் அதிகம் பேர் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. நம்ம தஞ்சாவூர்ப் பக்கம் மாதிரி கண்ணுக்கெட்டிய தூரம் தட்டை நிலம், கோதுமை, உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ். காரில் போய்க்கொண்டே இருந்தால் வயலுக்கு நடுவே சம்பந்தமே இல்லாமல் அகலமான ஒரு சிமெண்ட் பாதை வரும், கொஞ்ச தூரம் போய் அப்படியே புல்லுக்குள் மறைந்துவிடும். அவையெல்லாம் பழைய ஓடுதளங்கள். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி மேல் குண்டு போடப் போன விமானங்களில் நிறைய இந்த வயல்களிலிருந்துதான் இரவு இரவாகக் கிளம்பின. அதனாலேயே இதற்கு 'பாம்பர் கவுண்டி' என்று பட்டப்பெயர்.

என்னோடு வந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர், வடமராட்சி. என்னைவிட மூத்தவர், அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். 1987இல் அங்கே ராணுவ நடவடிக்கை நடந்தபோது அவர் பள்ளிக்கூடப் பையன். பொம்மர் (குண்டு போடும் விமானத்துக்கு அவர்கள் சொல்லும் பெயர்) சத்தம் கேட்டால் பங்கருக்குள் ஓடிப் படுத்து வளர்ந்தவர். குண்டு போட்டவர்களுக்குக் கட்டின நினைவிடத்துக்கு அவரைக் கூப்பிடுவதா என்று எனக்கு ஒரு தயக்கம் இருந்தது. அவரோ, "எனக்கும் பாக்கவேணும் தம்பி, மேல இருந்தவன் ஆரெண்டு" என்று சொல்லிவிட்டு முதல் ஆளாகக் காரில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

லிங்கன் நகரத்துக்குத் தெற்கே கான்விக் குன்று. அதன் மேல்தான் பன்னாட்டு பாம்பர் கமாண்ட் மையம் இருக்கிறது, 2018இல் திறந்தார்கள். பாம்பர் கமாண்ட் என்றால் பிரிட்டன் விமானப்படையின் குண்டுவீச்சுப் பிரிவு. தூரத்திலிருந்தே நினைவுத் தூண் தெரியும். இரண்டு இறக்கைகளை நிமிர்த்தி வைத்த மாதிரி துருநிற இரும்பு, உயரம் 31.09 மீட்டர். இந்தப் புள்ளிக்குப் பின்னால் வரும் எண் எதற்கு என்று யோசித்தால், லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தின் ஒரு இறக்கை முனையிலிருந்து மறு முனை வரை அதே அளவு. அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால்தான் அந்த விமானம் எவ்வளவு பெரியது என்று புரிகிறது.

தூணைச் சுற்றி வட்டம் வட்டமாக இரும்புச் சுவர்கள். அதில் ஏறக்குறைய 58,000 பெயர்கள், பாம்பர் கமாண்டில் பறந்து செத்தவர்களோடு தரையில் வேலை செய்து செத்தவர்களும் சேர்த்து. எழுதவோ செதுக்கவோ இல்லை, லேசரால் இரும்பையே எழுத்து வடிவில் வெட்டி எடுத்திருக்கிறார்கள். அதனால் ஒவ்வொரு பெயரும் ஒரு ஓட்டை. சுவருக்கு அந்தப் பக்கம் வானமும் புல்லும் எழுத்துக்குள் தெரிகிறது. குடும்பத்தார் வந்து பெயரைத் தேடிக் கண்டுபிடித்து, காகிதப் பாப்பிப் பூவின் காம்பை ஏதாவது ஒரு எழுத்தின் ஓட்டையில் சொருகிவிட்டுப் போகிறார்கள். மழையில் நனைந்து சிவப்புச் சாயம் போன பூவும் இருந்தது, அன்று காலைதான் வைத்த மாதிரிப் புதிதாக ஒன்றும் இருந்தது. ஸ்மித்துகள் மட்டும் பலகை பலகையாகப் போகிறார்கள். அண்ணை ஒரு பலகையின் முன் நின்று விரலால் எண்ண ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டார்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். பாம்பர் கமாண்டில் விமானத்தில் ஏறிப் பறந்தவர்கள் ஏறக்குறைய 1,25,000 பேர். அதில் 55,573 பேர் செத்துப்போனார்கள், அதாவது நூற்றுக்கு 44. இதைத் தவிர 9,838 பேர் போர்க்கைதிகள், காயம்பட்டவர்கள் 8,403. பிரிட்டன் தரைப்படையை மொத்தமாக எடுத்தால் இந்த விகிதத்துக்குக் கிட்டவே வராது. பெரும்பாலோருக்கு வயது இருபதை ஒட்டித்தான். பிரிட்டன்காரர்கள் மட்டுமில்லை, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, போலந்து, கரீபியன் தீவுகள் என்று எங்கெங்கிருந்தோ வந்தவர்கள். ஒரு சுற்று என்றால் 30 தாக்குதல். அதை முடித்தால் கொஞ்ச காலம் ஓய்வு. மோசமான மாதங்களில் முப்பதை எட்டியவர்களை விரல் விட்டு எண்ணலாம்.

எல்லாரும் தாமாகவே முன்வந்து சேர்ந்தவர்கள். யாரையும் கட்டாயப்படுத்தி விமானத்தில் ஏற்றவில்லை, ஆனால் ஏறின பிறகு முடியாது என்று சொன்னால் தொலைந்தார்கள். பத்துப் பதினைந்து தடவை போய்வந்து, பக்கத்துக் கட்டில்காரன் திரும்பி வராததைப் பார்த்துப் பார்த்து, கை நடுங்க ஆரம்பித்து ஒருவன் 'என்னால் இனிமேல் ஆகாது' என்றால், அவன் காகிதத்தில் 'மனவுறுதி இல்லாதவன்' என்று முத்திரை குத்தி, சட்டையிலிருந்து பறப்பவர் சின்னத்தைப் பிடுங்கிவிடுவார்கள். இன்றைக்கு அதற்கு மருத்துவப் பெயர் இருக்கிறது, அன்றைக்கு அவமானம்தான் வைத்தியம். ராணுவ சேவைக்கு மரியாதை என்று நாம் பேசும்போது, பதக்கம் வாங்கினவன்தான் ஞாபகத்துக்கு வருகிறான். எனக்கென்னவோ பன்னிரண்டு தடவை போய்வந்துவிட்டுப் பதின்மூன்றாவதற்கு மறுத்தவனுக்கும் அதில் பங்கு உண்டு என்று தோன்றுகிறது. சுவரில் அவன் பெயர் இருக்காது, அவன்தான் உயிரோடு இருந்துவிட்டானே.

மையத்தின் கண்காட்சிக் கூடத்துக்கு ராய் சாட்விக் பெயர் வைத்திருக்கிறார்கள், லங்காஸ்டரை வடிவமைத்தவர். உள்ளே போகும்போது முழுக்க வீர கோஷமாக இருக்கும் என்றுதான் நினைத்தேன், அப்படி இல்லை. விமானத்தில் இருந்தவர்களின் குரலுக்குப் பக்கத்திலேயே ஜெர்மனியில் குண்டுக்கு அடியில் இருந்தவர்களின் குரலும் கேட்கிறது. 1943 ஜூலைக் கடைசியில் ஹாம்பர்க்கில் தீ ஒன்றோடொன்று சேர்ந்து புயலாகவே எழும்பி, சில நாட்களுக்குள் 30,000க்கும் மேல் ஆட்கள் செத்தார்கள். லங்காஸ்டரின் வயிற்றில் போன சரக்கு அதற்கென்றே சேர்த்தது: முதலில் 4,000 பவுண்டு குண்டு ஒன்று விழுந்து கூரைகளையும் ஜன்னல்களையும் பெயர்த்துவிடும், பின்னாலேயே மக்னீசியம் குச்சிகள் நூற்றுக்கணக்கில் திறந்த வீட்டுக்குள் விழும். இவ்வளவு சின்னப் பையன்கள் இவ்வளவு பெரிய காரியத்தைச் செய்தார்கள் என்பதில் பெருமைப்படுவதா பதறுவதா என்று அந்தக் கூடம் நமக்குச் சொல்லித் தருவதில்லை. அதுவும் நல்லதுதான்.

அண்ணை ஒரு ஜெர்மன் கிழவியின் பதிவை ஹெட்ஃபோனைக் காதில் வைத்துக் கடைசி வரை கேட்டார். வெளியே வந்து டீ குடிக்கும்போதுதான் வாயைத் திறந்தார். "நாங்கள் பங்கருக்குள்ள கிடந்து பொம்மரைத்தான் எண்ணுவம். மேல இருக்கிறவனுக்கு எத்தினை வயசெண்டு ஒருநாளும் யோசிச்சதில்லை." அப்புறம், "யோசிச்சிருந்தாலும் அப்ப இரக்கம் வந்திருக்காது" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது?

பிரிட்டன்காரர்களே இவர்களுக்கு மரியாதை செய்ய அறுபது வருடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டார்கள் என்பது இங்கே வருகிறவர்களில் பலருக்குத் தெரியாது. 1945 பிப்ரவரியில் டிரெஸ்டன் எரிந்தது, 25,000 பேர் வரை செத்தார்கள். மார்ச் கடைசியில் சர்ச்சிலே, வெறும் பீதி கிளப்புவதற்காக நகரங்களைக் கொளுத்துவதை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று குறிப்பு எழுதினார், அதுவரை அதற்குத் தலையாட்டியவர் அவரேதான். போர் முடிந்து அவர் பேசிய வெற்றி உரையில் தங்களைக் குறிப்பிடாமல் விட்டுவிட்டார் என்பது பாம்பர் கமாண்ட்காரர்களின் ஆறாத மனக்குறை. தனிப் போர்ப் பதக்கமும் கொடுக்கவில்லை. 1992இல் தளபதி ஹாரிஸுக்கு லண்டனில் சிலை வைத்தபோது அதன் மேல் பெயிண்டை ஊற்றினார்கள். லண்டன் கிரீன் பார்க்கில் நினைவிடம் திறந்தது 2012 ஜூன் 28, பதக்கப் பட்டையில் குத்திக்கொள்ள ஒரு சின்ன உலோகத் துண்டு கொடுத்தது 2013. அதற்குள் முக்கால்வாசிப் பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மேலிடம் திட்டம் போட்டது, பையன்கள் போய்ச் செய்தார்கள், பிற்பாடு திட்டம் அசிங்கமாகத் தெரிந்ததும் பையன்களை மறைத்து வைத்தார்கள். என் பார்வைக்கு நடந்தது இதுதான்.

(நம்ம ஊரில் மிலிட்டரிக்காரர் வந்திருக்கிறார் என்றால் முதலில் விசாரிப்பது கேண்டீன் ரம்மைப் பற்றித்தான். மரியாதையைப் பற்றி மற்றவர்களுக்குப் பாடம் எடுக்க நமக்கும் பெரிதாகத் தகுதி இல்லை.)

அங்கிருந்து ஈஸ்ட் கிர்க்பி விமான அருங்காட்சியகம். இது அரசாங்க இடமில்லை. ஃப்ரெட், ஹரால்ட் பேன்டன் என்று இரண்டு விவசாயி சகோதரர்கள். அவர்களுடைய அண்ணன் கிறிஸ்டோபர் 1944 மார்ச் 30 இரவு நியூரம்பர்க் தாக்குதலுக்குப் போய்த் திரும்பவில்லை, வயது 19. அந்த ஒரே இரவில் 90க்கும் மேற்பட்ட விமானங்கள் அழிந்தன. தம்பிகள் கோழிப்பண்ணை வைத்து முன்னுக்கு வந்து, பழைய விமானதளத்து நிலத்தை வாங்கி, ஒரு லங்காஸ்டரையும் வாங்கி அண்ணன் நினைவாக நிறுத்திவிட்டார்கள். 7,377 லங்காஸ்டர் கட்டினார்கள், இன்று உலகத்தில் பறக்கிற நிலையில் இருப்பது இரண்டு, ஒன்று பக்கத்துக் கானிங்ஸ்பியில், இன்னொன்று கனடாவில். ஈஸ்ட் கிர்க்பியில் இருப்பது பறக்காது, ஆனால் எஞ்சினைப் போட்டுத் தரையில் ஓட்டுவார்கள். நாங்கள் போன அன்று ஓட்டம் இல்லை.

நான் அதிக நேரம் நின்றது விமானத்தின் வாலில். பின் துப்பாக்கிக்காரனின் கண்ணாடிக் கூண்டு அங்கேதான். நாலு துப்பாக்கிக் குழல், நடுவில் ஒரு ஆள் முட்டி மடக்கி உட்காரும் அளவு இடம், அவ்வளவுதான். பாராசூட்டை உள்ளே வைத்துக்கொள்ள இடம் கிடையாது, முதுகுக்குப் பின்னால் கதவுக்கு அந்தப் புறம் மாட்டியிருக்கும். தீப்பிடித்தால் கூண்டைத் திருப்பி, கதவைத் திறந்து, பாராசூட்டை எட்டி எடுத்து, மாட்டிக்கொண்டு குதிக்க வேண்டும். மற்ற ஆறு பேரையும் பார்க்க முடியாமல், இருட்டில், எலும்பு உறையும் குளிரில், எட்டு ஒன்பது மணி நேரம் பின்பக்கம் பார்த்தபடியே பயணம். மின்சாரக் கம்பி ஓடும் சட்டை கொடுத்திருந்தார்கள், அது வேலை செய்யாத இரவும் உண்டு. அண்ணை குனிந்து உள்ளே பார்த்துவிட்டு, "இதவிட எங்கட பங்கர் பெரிசு" என்றார்.

ஜெர்மனியின் அணைகளைக் குண்டு போட்டு உடைத்த 617ஆம் படைப்பிரிவின் நினைவுச்சின்னம் வுட்ஹால் ஸ்பாவில் இருக்கிறது, அணை வடிவிலேயே கட்டியிருக்கிறார்கள். கூட்டம் அங்கேதான், எல்லாரும் செல்ஃபி. 1943 மே 16 இரவு போன 133 பேரில் 53 பேர் செத்தார்கள், கீழே வெள்ளத்தில் போனவர்கள் ஏறக்குறைய 1,300 பேர், அதில் பாதிக்கு மேல் ஜெர்மனி பிடித்துக்கொண்டு வந்து வேலை வாங்கிய வெளிநாட்டுக்காரர்கள். அதற்கு மேல் அந்த இடத்தைப் பற்றி எனக்கு எழுதத் தோன்றவில்லை.

வடக்கே யார்க்ஷயர் போனது அண்ணைக்காக. அங்கே பாக்ளிங்டன் என்ற சிற்றூரில் ஹாலிஃபாக்ஸ் விமானங்களோடு இருந்த படைப்பிரிவின் பெயர் '102 (சிலோன்)'. போர்க்காலத்தில் காலனி நாடுகளின் பெயரைப் படைப்பிரிவுகளுக்கு வைப்பார்கள், நம்ம மதராஸ் மாகாணத்தின் பெயர்கூடச் சில சண்டை விமானப் பிரிவுகளுக்கு இருந்தது. சிலோன் பெயரில் இருந்தது குண்டுவீச்சுப் பிரிவு. "எங்கட நாட்டுப் பேரில பொம்மர் அப்பவே இருந்திருக்கு" என்று அண்ணை சிரித்தார். அது சந்தோஷச் சிரிப்பா என்று கேட்க வேண்டாம். பழைய விமானதளத்தில் இப்போது கிளைடர் கிளப் நடக்கிறது. பக்கத்து பார்ம்பி மூர் மாதா கோயில் தோட்டத்தில் வரிசையாகப் போர்க் கல்லறைகள், நிறையக் கனடாக்காரர்கள். கல்லில் வயதும் போட்டிருக்கிறது. அண்ணை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே போனார்: "இருவது… இருவத்தொண்டு… பத்தொம்பது…" கடைசிக் கல்லையும் வாசித்துவிட்டுத்தான் காருக்கு வந்தார்.

இதே 102இல் போரின் தொடக்கத்தில் பறந்த ஒருவர் லியோனார்ட் செஷயர். பிற்பாடு 617க்கும் தலைவராக இருந்தவர், பிரிட்டனின் உச்ச வீரப் பதக்கமான விக்டோரியா சிலுவை வாங்கியவர். 1945 ஆகஸ்ட் 9 அன்று நாகசாகி மேல் அணுகுண்டு விழுந்ததை பிரிட்டனின் பார்வையாளராக வானத்திலிருந்து பார்த்தார். போர் முடிந்தபின் 1948இல், கவனிக்க ஆளில்லாத நோயாளி ஒருவரைத் தன் வீட்டுக்குக் கூட்டிவந்து பார்த்துக்கொண்டார், அப்படித் தொடங்கியதுதான் செஷயர் ஹோம். கோயம்புத்தூர்க்காரர்களுக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்கும், இலங்கையிலும் உண்டு. அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் பொம்மர் ஓட்டியவர் என்று எனக்கு இந்தப் பயணம் வரை தெரியாது.

போக நினைப்பவர்களுக்கு: லிங்கன் வரை ரயில் இருக்கிறது, விமானதளங்களுக்குக் கார் இல்லாமல் கஷ்டம். கான்விக் குன்றில் வெயில் அடித்தாலும் காற்று குத்தும், ஸ்வெட்டரைக் காரிலேயே விட்டுவிட்டுப் போகாதீர்கள். ஈஸ்ட் கிர்க்பியில் எஞ்சின் ஓட்டும் நாள் எது என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து டிரெஸ்டன் போக வேண்டும் என்று அண்ணை ஒற்றைக் காலில் நிற்கிறார். அங்கே குண்டில் இடிந்து, திரும்பக் கட்டி 2005இல் திறந்த தேவாலயத்தின் உச்சியில் இருக்கும் தங்கச் சிலுவையைச் செய்தது லண்டன் பட்டறை ஒன்று. வேலை செய்த கைவினைஞரின் அப்பா, 1945இல் அதே நகரத்தின் மேல் குண்டு போடப் போன விமானிகளில் ஒருவர். டிக்கெட் விலை பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறேன், பள்ளி விடுமுறை முடிந்தால் கொஞ்சம் குறையும்.