‘ஐஸ்’ என்ற ஒரு சொல்லைக் கொண்டு ஆங்கில மொழி வரலாற்றைப் படித்த அனுபவம்

முதுகலை ஆங்கில இலக்கியம் பயின்றபோது எனக்கு மிகுந்த அச்சத்தைத் தந்த தாள் ஆங்கில மொழியின் வரலாறு. உயிரொலி மாற்றம், வேற்றுமை உருபுகளின் இழப்பு, கடன்சொல், பொருள் விரிவு என்று தலைப்புகளை வரிசையாக மனப்பாடம் செய்து, ஒவ்வொன்றுக்கும் கையேட்டில் இருந்த அதே இரண்டு எடுத்துக்காட்டுகளை எழுதி, முதல் உள்மதிப்பீட்டுத் தேர்வில் மிகக் குறைந்த மதிப்பெண் பெற்றேன். ஆங்கிலத்தின் ‘ஐஸ்’ ஜெர்மன் மொழியிலிருந்து வந்த சொல் என்று நான் எழுதியிருந்த வரியைப் பேராசிரியை சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தார். “இத்தனை விதிகளை எழுதியிருக்கிறாயே அம்மா, இந்த ஒரு சொல்லின் கதையை முழுதாகச் சொல்ல முடியுமா?” என்று அவர் கேட்டபோது என்னால் விடை கூற இயலவில்லை. அன்று மாலையே நூலகத்தில் சொற்பிறப்பு அகராதியை எடுத்து அந்தச் சொல்லிலிருந்து தொடங்கினேன். இத்தாளைப் படிக்கவிருப்பவர்களுக்குப் பயன்படக்கூடும் என்பதால், அப்போது கற்றவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில் என் பிழையைத் திருத்திக்கொண்டேன். ஜெர்மன் மொழியில் பனிக்கட்டிக்கு உரிய சொல்லும் ‘ஐஸ்’ என்றே ஒலிக்கிறது. டச்சு மொழியிலும் ஏறத்தாழ அவ்வாறே. ஆனால் பழைய ஆங்கிலத்தில் அச்சொல் ‘ஈஸ்’ என்றுதான் இருந்தது. ஐஸ்லாந்து மொழியிலும் சுவீடிய மொழியிலும் இன்றுவரை ‘ஈஸ்’ என்றே வழங்குகிறது. இவை அனைத்தும் ஒரே மூல ஜெர்மானிய மொழியிலிருந்து பிரிந்தவை என்பதால் இச்சொற்கள் இனச்சொற்களே அன்றி, ஒன்றிடமிருந்து மற்றொன்று பெற்ற கடன் அல்ல. நம்முடைய ‘பால்’ கன்னடத்தில் ‘ஹாலு’ என வழங்குவதைப் போன்ற உறவு அது. நெடில் ‘ஈ’, ‘ஐ’ ஆக மாறியது ஆங்கிலத்திலும் ஜெர்மனிலும் தனித்தனியே நிகழ்ந்தது. ஆங்கிலத்தில் அம்மாற்றம் ஏறத்தாழ 15 முதல் 18ஆம் நூற்றாண்டு வரை நீண்ட பெரும் உயிரொலி மாற்றத்தின் ஒரு பகுதி; வீட்டைக் குறித்த ‘ஹூஸ்’ என்பது ‘ஹவுஸ்’ ஆனதும் அதே மாற்றத்தால்தான். இங்கே ஒன்றைக் கவனியுங்கள்: ஜெர்மானியர் சொல்லும் ‘ஐஸ்’ ஆங்கிலத்துக்கு இனச்சொல்; நாம் சொல்லும் ‘ஐஸ்’ ஆங்கிலத்திலிருந்து வந்த கடன்சொல். காதுக்கு இரண்டும் ஒன்றுபோலவே கேட்கின்றன. ஒலி ஒற்றுமையை மட்டும் வைத்துச் சொல்லின் பிறப்பை முடிவு செய்யக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி வேற்றுமை உருபைப் பற்றியது. பழைய ஆங்கிலக் காப்பியமான ‘பியோவுல்ஃப்’இல், நீருக்கடியில் கிரெண்டல் என்ற அரக்கனின் தாயைக் கொன்ற பின் நாயகனின் கையிலிருந்த வாளின் அலகு, அரக்கக் குருதியின் வெம்மையால் பனிக்கட்டியைப் போல முழுவதும் உருகிப் போவதாக ஓர் இடம் வருகிறது. அங்கே ‘ஈஸ்’ என்ற சொல் ‘ஈஸெ’ என்று ஓர் உயிரொலியை ஏற்று, ‘மிகவும் ஒப்பானதாக’ என்ற பொருளுடைய சொல்லின் முன் நிற்கிறது. இன்றைய ஆங்கிலத்தை மட்டுமே அறிந்த ஒருவருக்கு அந்த ‘எ’ ஏன் வந்தது என்று விளங்காது. தமிழருக்கு உடனே விளங்கும். ஏனெனில் நாமும் ‘பனிக்கட்டிக்கு ஒப்பானது’ என்று நான்காம் வேற்றுமையில்தான் சொல்கிறோம். பழைய ஆங்கிலம் உருபுகளால் இயங்கிய மொழி என்று பத்து முறை படித்தும் மனத்தில் தங்காதது, இந்த ஒரு தொடரால் தங்கிவிட்டது. தமிழ் இலக்கணம் அறிந்த மாணவர்கள் அந்த அறிவை இத்தாளில் தயங்காமல் பயன்படுத்த வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

எழுத்துக்கூட்டலின் கதை சிறியது, ஆனால் குறுவினாக்களுக்கு உகந்தது. பழைய ஆங்கிலத்தில் ‘எஸ்’ எழுத்துடன் எழுதப்பட்ட சொல்லில், 15ஆம் நூற்றாண்டிலிருந்து ‘சி’, ‘ஈ’ என்ற எழுத்துகள் இடம்பெறத் தொடங்கின. இது பிரெஞ்சு எழுத்து முறையின் தாக்கம். சொல்லின் இறுதியில் வரும் ஒலி குரல்நாண் அதிர்வில்லாதது என்பதை அது தெளிவாகக் காட்டியது. எலிகளைக் குறிக்கும் ‘மைஸ்’, இருமுறை என்னும் ‘ட்வைஸ்’ ஆகிய சொற்களும் இதே வழியில் உருமாறியவை. எழுத்து பிரெஞ்சுச் சாயலைப் பெற்றதால் சொல்லும் பிரெஞ்சிலிருந்து வந்தது என்று எழுதிவிடாதீர்கள்.

கூட்டுச்சொற்களுக்கு வரும்போது இச்சொல் ஒரு சுரங்கமாகவே இருக்கிறது. கூரை விளிம்பில் ஊசிபோல் தொங்கும் பனியைக் குறிக்கும் ‘ஐசிகிள்’ என்ற சொல்லின் பிற்பகுதி, பழைய ஆங்கிலத்தில் தனியாகவே அப்பனி ஊசியைக் குறித்தது. அப்படியிருந்தும் மக்கள் ‘ஐஸ்’ என்பதை அதன் முன்னே சேர்த்தனர். ‘அரைஞாண்’ என்பதில் உள்ள ‘ஞாண்’ கயிற்றையே குறித்தாலும் நாம் ‘அரைஞாண் கயிறு’ என்கிறோம் அல்லவா, அதே நிகழ்வுதான். ‘ஐஸ்பெர்க்’ இன்னொரு வகை. டச்சுச் சொல்லின் முதற்பாதியைத் தம் சொல்லாக மாற்றிக்கொண்டு, மலை என்னும் பொருளுள்ள ‘பெர்க்’ என்ற பிற்பாதியை ஆங்கிலேயர் அப்படியே வைத்துக்கொண்டனர். பாதி மொழிபெயர்ப்பு, பாதி கடன் என்ற வகைக்கு இது தக்க சான்று. ‘ஐஸ்கிரீம்’ என்பதோ முதலில் ‘ஐஸ்டு கிரீம்’, அதாவது குளிரூட்டப்பட்ட பாலேடு. வேகமாகப் பேசும்போது நடுவிலிருந்த ஒலி தேய்ந்து மறைந்தது.

பொருள் விரிவைப் படிக்கும்போது கூடுதல் எச்சரிக்கை வேண்டும். உறைந்த கரியமில வாயுவை ‘டிரை ஐஸ்’ என்கிறோம். அதில் நீரே இல்லை, உருகாமல் நேரடியாக வாயுவாகிறது. குளிர்ச்சியும் திண்மையும் என்ற பண்புகளே அங்கே பெயரைத் தந்தன. வைரத்துக்கு ‘ஐஸ்’ என்ற கொச்சை வழக்கு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பதிவாகியுள்ளது. ரூன் என்னும் பழைய ஜெர்மானிய எழுத்துகளைப் பாடும் பழைய ஆங்கிலச் செய்யுள் ஒன்றும் பனிக்கட்டியை மணிகளுக்கு ஒப்பிடுகிறது. இரண்டையும் கண்டதும் ஒரே இழை என்று எழுதக் கை துடித்தது. ஆனால் ஏறக்குறைய 1000 ஆண்டுகள் இடையே இருக்க, ஒளிரும் பொருளைக் கண்டு இரு காலத்து மனிதர்கள் தனித்தனியே ஒரே உவமையை அடைந்தனர் என்று கொள்வதே முறை.

கடன்சொல் பிறமொழியில் எப்படி வாழ்கிறது என்ற வினாவுக்குச் சென்னையிலேயே சான்று உண்டு. பாஸ்டன் நகர வணிகர் ஃபிரெடெரிக் டூடர், அமெரிக்க ஏரிகளில் அறுத்தெடுத்த பனிக்கட்டிகளைக் கப்பலில் கொண்டுவந்து சேமிக்க 1842இல் கடற்கரையோரம் எழுந்த கட்டடம் ‘ஐஸ் ஹவுஸ்’. 1897இல் சுவாமி விவேகானந்தர் தங்கியதால் இன்று அது விவேகானந்தர் இல்லம். பனிக்கட்டி வணிகம் மறைந்து நெடுங்காலம் ஆன பிறகும் அப்பகுதிக்கு ‘ஐஸ் ஹவுஸ்’ என்ற பெயர் நிலைத்திருக்கிறது. முகத்துதி செய்வதை ‘ஐஸ் வைப்பது’ என்று நாம் சொல்வதோ ஆங்கிலத்தில் இல்லாத, தமிழிலேயே தோன்றிய பொருள்.

பருவத் தேர்வில் பொருள் மாற்றம் பற்றிய நெடுவினாவுக்கு இச்சொல்லையே முதுகெலும்பாக வைத்து விடை எழுதினேன், மதிப்பெண் உயர்ந்தது. ஆயினும் ஒரு சொல் எல்லா விதிகளையும் காட்டாது. ஜெர்மானிய மொழிகளில் மெய்யொலிகள் மாறிய ஒழுங்கைச் சொல்லும் கிரிம் விதிக்கு ‘ஐஸ்’ உதவாததால், அடுத்த சொல்லாக அதன் அண்டை வீட்டுக்காரரான ‘ஃபிராஸ்ட்’ என்பதை எடுத்துக்கொண்டேன். உறைபனியைக் குறிக்கும் இலத்தீன் சொல் ‘ப்ரூயினா’. இரண்டுக்கும் பொதுவான மூலத்தின் முதலில் இருந்த ‘ப்’, இலத்தீனில் அப்படியே நிற்க, ஜெர்மானிய மொழிகளில் ‘ஃப்’ ஆனதை அங்கே காணலாம்.