தண்டம் கட்டினது குற்றப் பதிவா?

இலங்கையின் வன்னியில் "வழக்கு முடிஞ்சுது" என்ற ஒரே சொல்லுக்குள் நாலைந்து விதமான முடிவுகள் கிடக்கின்றன. மணல் ஏற்றிப் பிடிபட்டுத் தண்டம் கட்டியவரும் அப்படித்தான் சொல்வார். விளக்கமறியலில் கிடந்து, குற்றப்பத்திரம் வராமலே விடுபட்டவரும், 2009க்குப் பிறகு புனர்வாழ்வு முகாமிலிருந்து வந்தவரும் அப்படித்தான். விண்ணப்பப் படிவமோ வாக்காளர் இடாப்போ இவர்களை ஒரே மாதிரிப் பார்ப்பதில்லை. ஆகவே சட்டத்தைப் புரட்ட முன் வழக்கேட்டைப் புரட்ட வேண்டும்.

நீதிமன்றப் பதிவாளரிடம் உறுதிப்படுத்திய பிரதி கேளுங்கள். 'பீ' அறிக்கையோடு (பொலிஸார் நீதவானிடம் முதலில் கொடுக்கும் அறிக்கை) தொடங்கும் வழக்குக்கு, குற்றச்சாட்டுத் தாக்கலானதும் வேறு இலக்கம் விழலாம். பழைய இலக்கத்தை மட்டும் பிடித்துக்கொண்டு தேடினால் கடைசிக் கட்டளை அகப்படாது. அடையாள அட்டை இலக்கம் பழையதும் புதியதும் இருந்தால் இரண்டையும் எழுதுங்கள்; நம்மவர் பெயர்கள் ஆங்கிலத்தில் ஒவ்வொரு கந்தோரிலும் ஒவ்வொரு எழுத்துக்கூட்டில் கிடக்கும்.

பிரதி வந்ததும் கடைசிக் குறிப்பைப் பாருங்கள். எதிரி (குற்றஞ்சாட்டப்பட்டவர்) குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஒரு வரி, அதன் கீழ் தண்டத் தொகை. அவ்வளவுதான், அது குற்றத்தீர்ப்பு. மணல், மரம், கசிப்பு வழக்குகளில் ஆட்கள் பிசகுவது இங்கேதான். அலைச்சல் வேண்டாமென்று முதல் தவணையிலேயே ஒப்புக்கொண்டுவிட்டு, அரச வேலைப் படிவத்தில் 'நீதிமன்றத்தால் குற்றவாளியாகக் காணப்பட்டுள்ளீரா?' என்ற இடத்தில் 'இல்லை' என்று போட்டுவிடுவார்கள். பழைய தண்டத்தை விளங்கப்படுத்தலாம். கையொப்பமிட்ட பொய்யை விளங்கப்படுத்த முடியாது.

1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 306ஆம் பிரிவில் நீதவான் விடுவித்திருந்தால் கதை வேறு. குற்றம் நிரூபணமானாலும், வயதையும் முன் நடத்தையையும் பார்த்து, குற்றத்தீர்ப்பு அளிக்காமலே எச்சரித்தோ பிணைமுறியிலோ விட அந்தப் பிரிவு இடம் தருகிறது. 303ஆம் பிரிவின் ஒத்திவைத்த சிறைத்தண்டனையை இதோடு குழப்பாதீர்கள். அதில் தீர்ப்பு உண்டு, சிறைக்குப் போவதுதான் நிறுத்தப்பட்டிருக்கிறது.

சரணடைந்து நேரே புனர்வாழ்வுக்குப் போனவரை எந்த நீதிமன்றமும் குற்றவாளியாகக் காணவில்லை. மேற்சொன்ன கேள்விக்கு அவர் 'இல்லை' என்று எழுதுவதே சரி. பயத்தில் 'ஆம்' என்று எழுதித் தன் தலையில் தானே மண் போட வேண்டாம். 'கைது செய்யப்பட்டீரா, தடுத்து வைக்கப்பட்டீரா' என்று படிவம் கேட்டால் அது வேறு கேள்வி. அதற்கு வேறு பதில்.

வாக்குரிமையில் அரசியலமைப்பின் 89ஆம் உறுப்புரை இரண்டு அளவுகோல்களைச் சேர்த்தே வைக்கிறது. குற்றம் 2 ஆண்டுக்குக் குறையாத சிறைத்தண்டனைக்குரியதாக இருக்க வேண்டும், விதித்த தண்டனையும் 6 மாதத்துக்குக் குறையாததாக இருக்க வேண்டும். தண்டனை முடிந்து 7 ஆண்டுகள் வரை தடை. தண்டம் மட்டும் கட்டியவருக்கு இது பொருந்தாது. தடை முடிந்தவர், வருடாந்த இடாப்புத் திருத்தத்தின்போது கிராம அலுவலரிடம் பெயரைக் கொடுத்துவிட வேண்டும்.

இத்தனை ஆண்டு கடந்தால் பழைய தீர்ப்பைச் சொல்லத் தேவையில்லை என்னும் பொதுச் சட்டம், இங்கிலாந்தில் 1974இல் வந்ததைப் போன்றது, இலங்கையில் இல்லை. அதனால் ஒவ்வொரு திணைக்களத்தின் சுற்றறிக்கையையும் தனித்தனியே தேட வேண்டியிருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இதற்கு உதவும். 'ஏன் வேலை தரவில்லை?' என்று கேட்டால் மழுப்பலான பதில்தான் வரும். 'எந்தச் சுற்றறிக்கை, எந்தப் பந்தி, அதன் பிரதி' என்று கேளுங்கள். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் அதே திணைக்களத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு. அவருக்கு 3 வாரம். பிறகு 2 மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு.

சிக்கல் இந்தக் கணக்கில்தான். வேலை நிராகரிப்பை எதிர்த்து அடிப்படை உரிமை மனுவோடு உயர் நீதிமன்றம் போக அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை தருவது 1 மாதம் மட்டுமே. சுற்றறிக்கை கைக்கு வரும்போது அது பறந்திருக்கும். ஆகவே நிராகரிப்புக் கடிதம் கிடைத்த அந்த மாதத்துக்குள்ளேயே மனித உரிமைகள் ஆணைக்குழுவின் வவுனியாப் பிராந்திய அலுவலகத்தில் முறைப்பாட்டைக் கொடுத்துவிடுங்கள். 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவுப்படி, விசாரணை அங்கே நிலுவையில் இருக்கும் காலம் அந்த 1 மாதத்தில் சேராது. கடித உறையையும் தூக்கி எறியாதீர்கள். என்றைக்குக் கிடைத்தது என்பதைக் காட்டத் தபால் முத்திரை உதவும்.