கம்பி பிரஷ்ஷைத் தூக்கிப் போடுங்க ப்ளீஸ்

சம்மர் வந்தாச்சு, இங்க நியூஜெர்சில வீட்டுக்கு வீடு பேக்யார்டுல புகை கிளம்ப ஆரம்பிச்சிருச்சு. இந்த சீசன்ல யாரைப் பார்த்தாலும் நான் கேக்குறது ஒண்ணுதான், கறி சுடுற கிரில்லை எதால தேய்க்கிறீங்க? கம்பி பிரஷ்னு சொன்னா தயவுசெஞ்சு இன்னைக்கே அதைத் தூக்கிப் போடுங்க.

ஏன்னா அந்த பிரஷ்ல இருக்குற கம்பி முடி மாதிரி மெல்லிசு, சூடும் எண்ணெயும் பட்டுப் பட்டு நாளாக நாளாக லூஸாகி ஒண்ணு ரெண்டு உதிரும், அது கிரில்லுல கருகி ஒட்டியிருக்குற மசாலாவோட கலந்து கிடந்தா கண்ணுக்கே தெரியாது, அது மேலயே சிக்கனைப் போட்டா கறியில ஒட்டிக்கிட்டு நேரா வாய்க்குள்ள. அமெரிக்க அரசோட நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி 2012ல இதைப் பத்தி ஒரு ரிப்போர்ட்டே போட்டாங்க. ரோட் ஐலண்ட் மாநிலத்துல ப்ராவிடன்ஸ் ஊர்ல 2011 மார்ச்ல இருந்து 2012 ஜூனுக்குள்ள ஆறு பேர் இதே காரணத்தால ஆஸ்பத்திரிக்கு வந்திருக்காங்க, மூணு பேருக்கு முழுங்கும்போது கழுத்துல வலி, மத்த மூணு பேருக்கு வயித்துல. அப்புறம் 2016ல மிசௌரி யுனிவர்சிட்டி டாக்டர்கள் கணக்குப் போட்டதுல, 2002ல இருந்து 2014 வரைக்கும் நாடு முழுக்க சுமார் 1,700 பேர் எமர்ஜென்சிக்குப் போயிருப்பாங்கன்னு வந்துச்சு. கிரில் வச்சிருக்குற கோடிக்கணக்கான பேர்ல இது கம்மிதான்னு சிலர் சொல்றாங்க. ஆனா வேற பொருள் அதே கடையில அதே ரேக்குல இருக்கும்போது குழந்தைங்க சாப்பிடுற கறியில எதுக்கு இந்த ரிஸ்க்?

நம்ம ஆளுங்களுக்கு இது இன்னும் முக்கியம்னு நினைக்கிறேன். நாம தயிர், இஞ்சி பூண்டு, மிளகாத்தூள்னு அப்பிப் போடுறோம், அது கிரில் கம்பியில காய்ஞ்சு பிடிச்சுக்கும், அதை எடுக்க இன்னும் அழுத்தித் தேய்ப்போம், அழுத்தித் தேய்க்கத் தேய்க்க பிரஷ் சீக்கிரம் போயிரும்.

நான் இப்ப யூஸ் பண்றது மர ஸ்க்ரேப்பர். நீளக் கைப்பிடி வச்ச கெட்டி மரப்பலகை, அவ்வளவுதான். கிரில்லை நல்லா சூடாக்கி அதோட முனையை அழுத்தி முன்னும் பின்னும் இழுத்தா மரம் லேசா கருகி நம்ம கிரில் கம்பியோட அளவுக்கே பள்ளம் விழும், அப்புறம் கம்பியோட பக்கவாட்டுல இருக்குறதையும் சேர்த்துச் சுரண்டும். ஆரம்பத்துல கொஞ்சம் பொறுமை வேணும், எடுத்தவுடனே பளிச்னு ஆகாது. எரியுற கிரில் மேல மட்டும் அதை வச்சுட்டு உள்ள போயிடாதீங்க.

அவசரத்துக்கு அலுமினியம் ஃபாயிலைக் கசக்கி உருண்டையாக்கி இடுக்கியில பிடிச்சுத் தேய்க்கலாம். இல்லன்னா தோசைக்கல்லுக்குப் பண்ற மாதிரியே பாதி வெங்காயத்தை நீளமான ஃபோர்க்குல குத்தி சூடான கிரில்லுல தேய்ங்க, லேசான பிசுக்குக்கு அதுவே போதும், வாசனையும் அருமையா இருக்கும்.

கடையில கம்பி முடி இல்லாம சுருள் ஸ்டீல் வச்ச பிரஷ்ஷும் கிடைக்குது, பரவாயில்ல, ஆனா அடிக்கடி சுருளை இழுத்துப் பாருங்க. நைலான் பிரஷ் வாங்கினா கிரில் ஆறினப்புறம்தான் தொடணும், சூட்டுல உருகிடும். கிரில் தேய்க்கிறதுக்குன்னே விக்கிற கல்லு நல்லாத் தேய்க்கும் ஆனா தூள் கொட்டும், துடைக்காம சமைக்கக் கூடாது. பாத்திரம் கழுவுற ஸ்டீல் நார் வேண்டவே வேண்டாம், அதுவும் துண்டு துண்டா உடையுது. பீங்கான் கோட்டிங் போட்ட கிரில்னா உலோகத்தால சுரண்டாதீங்க, கோட்டிங் பேந்து வந்துரும்.

எதால தேய்ச்சாலும் சரி, மூடியை மூடி ஒரு பத்துப் பதினஞ்சு நிமிஷம் ஃபுல் சூட்டுல விட்டா பாதி அழுக்கு தானா காய்ஞ்சு உதிரும். தேய்ச்சு முடிச்சு ஆறினதும் ஈரத்துணியால ஒருதடவை துடைச்சிருங்க, இதை மட்டும் விடவே விடாதீங்க. உதிர்ந்த கம்பியைக் காந்தத்தை வச்சுத் தேடினாப் போதும்னு ஒருத்தர் சொன்னார், சில ஸ்டெயின்லஸ் காந்தத்துல சரியா ஒட்டாது, அதை நம்பி இருக்க முடியாது.

பார்க்குல, அப்பார்ட்மென்ட்ல இருக்குற பொது கிரில்லுன்னா நமக்கு முன்னாடி யார் எதால தேய்ச்சாங்கன்னே தெரியாது. அங்க நான் மேல ஃபாயில் விரிச்சுத்தான் சமைக்கிறேன். கிரில் பண்ணினதைச் சாப்பிட்டுட்டு யாருக்காவது முழுங்கும்போது குத்துற மாதிரி வலி வந்தா, இல்ல வயித்து வலி விடாம இருந்தா, சோறு உருட்டி முழுங்கு வாழைப்பழம் முழுங்குன்னு வீட்டுல உக்காந்து வைத்தியம் பார்க்காதீங்க. நேரா எமர்ஜென்சிக்குப் போயி கிரில்லுல சமைச்சது சாப்பிட்டேன், கம்பியா இருக்கலாம்னு வாயைத் திறந்து சொல்லுங்க, நீங்க சொன்னாத்தான் டாக்டர் அதைத் தேடவே ஆரம்பிப்பார். எக்ஸ்ரேல ஒண்ணும் தெரியல, ஆனா வலி அப்படியே இருக்குன்னா சிடி ஸ்கேன் எடுக்கலாமான்னு கேளுங்க.