ஆறு புள்ளிகளுக்குள் கைநழுவிய ஜெட்ஸ் அணியின் பருவம்

அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்-இல் ஆடும் நியூயார்க் ஜெட்ஸ் அணி 2024 பருவத்தை 5 வெற்றி, 12 தோல்வி என்ற கணக்கில் முடித்தது. 2010 பருவத்துக்குப் பிறகு இந்த அணி பிளே-ஆஃப் எனும் இறுதிக்கட்ட வெளியேற்றுச் சுற்றுக்குள் கால் வைக்கவே இல்லை என்பது பழைய வேதனை. ஆனால் இம்முறை எதிர்பார்ப்பு பெரிது. 2023 செப்டம்பரில் ஜெட்ஸுக்கான தம் முதல் ஆட்டத்தின் தொடக்கத்திலேயே குதிகால் தசைநார் அறுந்து வெளியேறிய குவாட்டர்பேக் (பந்தை வீசித் தாக்குதலை நடத்தும் ஆட்டக்காரர்) ஆரோன் ராட்ஜர்ஸ் குணமாகித் திரும்பியிருந்தார். தற்காப்பு வரிசையும் வலுவாக இருந்தது. திங்கள் அதிகாலை ஒரு மணிக்கு எழுந்து ஆட்டம் பார்த்துவிட்டு அப்படியே வேலைக்குப் போகும் கோலாலம்பூர் ரசிகர்களான நாங்கள், இந்த ஆண்டாவது விடியும் என்று மனதார நம்பினோம்.

அந்தப் பன்னிரண்டு தோல்விகளில் ஏழு, ஆறு புள்ளிகளோ அதற்கும் குறைவோ உள்ள இடைவெளியில் வந்தவை. டென்வருடன் மழையில் நடந்த ஆட்டம் அவற்றில் முதலாவது. எதிரணியின் புதுமுக குவாட்டர்பேக் போ நிக்ஸை முதல் பாதி முழுவதும் தற்காப்பு வரிசை கட்டிப்போட்டிருந்தும், கடைசி நிமிடத்தில் எங்கள் உதைப்பாளர் கிரெக் ஸூர்லைன் மூன்று புள்ளிக்காக 50 யார்டு தொலைவிலிருந்து உதைத்த பந்து கம்பங்களுக்கு வெளியே போனதால், 10-9 என்று தோற்றோம். பஃபலோவுடனான ஆட்டத்தில் அவர் உதைத்த இரண்டு பந்துகள் கம்பத்திலேயே பட்டுத் திரும்பின, அதில் 23-20. இண்டியானாபோலிஸிடமும் ஒரே ஒரு புள்ளியில் ஆட்டம் போயிற்று.

லண்டனில் மின்னசோட்டாவுடன் நடந்த ஆட்டம் நமக்கு ஞாயிறு இரவு ஒன்பதரை மணிக்கு வந்ததால், பிரிக்பீல்ட்ஸ் மாமாக் கடையில் நண்பர்களோடு உட்கார்ந்து கைப்பேசியில் பார்க்க முடிந்தது. 17-0 என்று பின்தங்கிய அணி மெல்ல மெல்ல எழுந்து 23-17 வரை நெருங்கி, வெற்றிக்கான டச்டவுனை (பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் சேர்த்து ஆறு புள்ளி பெறுவதை) தேடி முன்னேறிக்கொண்டிருந்தது. அப்போது சக ஆட்டக்காரர் மைக் வில்லியம்ஸை நோக்கி ராட்ஜர்ஸ் வீசிய பந்தை மின்னசோட்டாவின் ஸ்டெஃபன் கில்மோர் குறுக்கே வந்து பறித்துக்கொண்டார். எங்கள் மேசையில் தே தாரிக் ஆடை கட்டிக் கிடந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமையே தலைமைப் பயிற்றுநர் ராபர்ட் சாலேயை உரிமையாளர் வுடி ஜான்சன் நீக்கினார். அப்போது கணக்கு 2-3. பருவத்தில் பன்னிரண்டு ஆட்டங்கள் மீதம் இருந்தன. இந்தப் பருவத்தின் மிகப் பெரிய தவறு அதுதான் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். தடுமாறியது தாக்குதல் ஆட்டம். நீக்கப்பட்டவரோ தற்காப்பைக் கட்டியெழுப்பியவர். இடைக்காலப் பயிற்றுநராக ஜெஃப் உல்பிரிக் பொறுப்பேற்றபின் கிடைத்தவை 3 வெற்றி, 9 தோல்வி. சாலே இருந்திருந்தால் எல்லாவற்றையும் வென்றிருப்போம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் தற்காப்பின் கட்டுக்கோப்பு அதன்பிறகு குலைந்தது கண்கூடு. நியூ இங்கிலாந்துடனான ஆட்டத்தில் எதிரணியின் முதன்மை குவாட்டர்பேக் காயமுற்று வெளியேறியும்கூட, கடைசி அரை நிமிடத்தில் டச்டவுன் விட்டுக்கொடுத்து 25-22 என்று தோற்றோம்.

தீபாவளிக்கு மறுநாள் காலை, வீட்டில் எஞ்சிய முறுக்கோடு பார்த்த ஹூஸ்டன் ஆட்டம் வெற்றியில் முடிந்தது. எங்கள் காரெட் வில்சன் அந்தரத்தில் பாய்ந்து ஒற்றைக் கையால் பிடித்த பந்து இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. அதே ஆட்டத்தில்தான் எங்கள் புதுமுகம் மலாக்கை கார்லி, எல்லைக்கோட்டைத் தாண்டும் முன்பே கொண்டாட்டமாகப் பந்தைக் கைவிட்டு, உறுதியான டச்டவுனை இழந்தார். இதுபோன்ற சிறு ஒழுங்குகளை ஓர் அணிக்குள் ஊன்ற நிலையான தலைமை தேவை. வாரத்துக்கு வாரம் நாற்காலி ஆடிக்கொண்டிருந்த இடத்தில் அது எப்படி வரும்? நவம்பரில் பொது மேலாளர் ஜோ டக்ளஸும் அனுப்பப்பட்டார்.

மயாமியுடனான இறுதி ஆட்டத்தில் ராட்ஜர்ஸ் தம் 500ஆவது டச்டவுன் பந்தை வீசினார். அந்த மைல்கல்லுக்கு மனமாரக் கைதட்டினேன். 2025 ஜனவரியில் ஆரோன் கிளென் தலைமைப் பயிற்றுநராக நியமிக்கப்பட்டார். 1994இல் இதே அணி புதுமுகத் தேர்வின் முதல் சுற்றில் தேர்ந்தெடுத்த ஆட்டக்காரர் அவர். தொடக்கத்தில் நான்கைந்து ஆட்டங்கள் கைவிட்டுப் போனாலும், குறைந்தது மூன்று பருவங்களுக்கு அவர்மேல் கை வைக்காமல் இருக்க உரிமையாளர் இப்போதே முடிவெடுக்க வேண்டும்.